ஒரே பட்டியல், எதிரெதிர் அம்புகள்

ஆங்கிலப் பயிற்சி நிலையங்களில் ஒரு தாள் கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'ஹெல்ப்', 'ஆஸ்க்', 'கெட்', 'ஸ்டார்ட்', 'அபவுட்'. வலப்பக்கம் 'அசிஸ்ட்', 'ரிக்வெஸ்ட்', 'அப்டெய்ன்', 'கமென்ஸ்', 'அப்ராக்ஸிமேட்லி'. இடப்பக்கம் பேச்சுக்கு, வலப்பக்கம் எழுத்துக்கு. மதிப்பெண் வேண்டுமென்றால் இடமிருந்து வலம் போக வேண்டும் என்பது அந்தத் தாளின் கட்டளை. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர், ஆய்வேடு எழுதும் முதுகலை மாணவர் என்று பலரும் இதை வரிவரியாக மனப்பாடம் செய்கிறார்கள்.

பிரிட்டன் அரசின் பொது இணையதளத்துக்கு எழுதும் ஊழியர்களுக்கான வழிகாட்டியிலும் ஏறக்குறைய இதே இணைகள்தாம் இருக்கின்றன. அம்பு மட்டும் திரும்பிவிட்டது. 'அசிஸ்ட்' வேண்டாம், 'ஹெல்ப்' எழுது. 'அப்ராக்ஸிமேட்லி' வேண்டாம், 'அபவுட்' எழுது. 'பர்ச்சேஸ்' வேண்டாம், கடைத்தெருவில் சொல்லும் எளிய சொல்லையே எழுது என்கிறது அது. அமெரிக்கா ஒரு படி மேலே போய் 2010-இல் சட்டமே இயற்றியது. மக்களுக்கான அரசு ஆவணங்களை மக்களுக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்கிறது அந்த எளிய எழுத்துச் சட்டம்.

ஒரு மாணவர் வலப்பக்கச் சொல்லை எழுதி மதிப்பெண் வாங்கி லண்டனுக்குப் போகிறார். அங்கே அரசு வேலையில் சேர்ந்தால் அதே சொல்லை அடித்துவிட்டு இடப்பக்கச் சொல்லை எழுதச் சொல்கிறார்கள். இரண்டு தரப்பில் யார் சொல்வது சரி என்று கேட்பதற்கு முன்னால், இரு தரப்பும் பேசாமல் ஒப்புக்கொள்ளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்று, வேறுபாடு உடையில் மட்டும் என்பதுதான் அது. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மறுபாதி தவறு, கற்கிறவருக்கு நேரும் கேடெல்லாம் அந்த மறுபாதியிலிருந்தே வருகிறது.

இந்த இணைகள் ஆங்கிலத்தில் ஏன் இத்தனை என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன் பிறகு அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின, திருச்சபையும் கல்வியும் லத்தீன் எழுதின, உழவரும் தொழிலாளரும் பழைய ஆங்கிலத்தையே பேசினார்கள். நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று 1362-இல் வந்த சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. இந்தக் கலப்பில் ஒரே செயலுக்கு மூன்று அடுக்குச் சொற்கள் சேர்ந்தன. கேட்பதற்கு 'ஆஸ்க்', 'க்வெஸ்சன்', 'இன்டெராகேட்'. ஏறுவதற்கு 'ரைஸ்', 'மவுன்ட்', 'அசென்ட்'. முதலாவது மண்ணின் சொல், இரண்டாவது பிரெஞ்சு வழி, மூன்றாவது லத்தீன் வழி. சட்ட ஆவணம் எழுதியவர்கள் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கத் துணியாமல் இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள். 'வில் அண்ட் டெஸ்டமென்ட்', 'கூட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' என்ற இரட்டைகள் இன்றும் பத்திரங்களில் வாழ்கின்றன.

பட்டியலின் நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லுக்கு இடம் உண்டு, ஆள் உண்டு, பொழுது உண்டு என்ற உணர்வைக் கற்பவருக்கு அது கொடுக்கிறது. தமிழருக்கு இந்த உணர்வு புதிதல்ல. ஒருவரின் மரணத்தைத் தெருச் சுவரொட்டி எப்படிச் சொல்கிறது என்று பார்த்தாலே போதும். 'காலமானார்' பொதுவானது. 'இயற்கை எய்தினார்' என்றால் பகுத்தறிவு இயக்கத்தின் சாயல் தெரியும். 'சிவலோகப் பதவி அடைந்தார்', 'வைகுண்டப் பதவி அடைந்தார்', 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்' என்று ஒவ்வொன்றும் இறந்தவரின் நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடும். 'செத்தார்' என்று எவரும் சுவரொட்டி அடிப்பதில்லை. தாய்மொழியில் இவ்வளவு கூர்மையாக இடம் பார்க்கிறவருக்கு ஆங்கிலத்தில் அந்தக் கூர்மை இல்லாமல் போவது பழக்கமின்மையால்தான். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் 'கிட்ஸ்' என்று எழுதாமல் 'சில்ட்ரன்' என்று எழுதவும், அறிக்கையில் 'புட் ஆஃப்' என்பதற்கு 'போஸ்ட்போன்' என்று எழுதவும் ஒரு தாள் உதவுமானால் அந்த உதவி உண்மையானது. 'புட் ஆஃப்', 'போஸ்ட்போன்' இணையில் மாற்றம் பெரும்பாலும் பழுதில்லாமலும் நடக்கும்.

எதிர்த் திசையில் போகும் எளிய ஆங்கில இயக்கத்தின் சாதனை இன்னும் பெரியது. பிரிட்டனின் மூத்த அரசு அதிகாரி எர்னஸ்ட் கவர்ஸ் 1948-இல் நிதித் துறைக்காக எழுதிய 'பிளெய்ன் வேர்ட்ஸ்' என்ற சிறு நூல் அலுவலகக் கடிதங்களின் போக்கையே கேள்வி கேட்டது. 1979-இல் கிறிஸ்ஸி மாஹர் என்ற பெண்மணி நாடாளுமன்றச் சதுக்கத்தில் புரியாத அரசுப் படிவங்களைத் துண்டு துண்டாக்கிப் போராட்டம் நடத்தித் தம் இயக்கத்தைத் தொடங்கினார். 1999-இல் இங்கிலாந்தின் உரிமையியல் நீதிமன்றங்கள் புதிய நடைமுறை விதிகளை ஏற்றபோது 'ப்ளெயின்டிஃப்' போய் 'கிளெய்மன்ட்' வந்தது. 'ரிட்' என்பது 'கிளெய்ம் ஃபார்ம்' ஆனது. வழக்கொன்றின் பெயரால் 'ஆன்டன் பில்லர் ஆர்டர்' என்று வழங்கியது 'சர்ச் ஆர்டர்' ஆனது. வீட்டைச் சோதனையிட வரும் ஆணைக்கு அதன் வேலையைச் சொல்லும் பெயர் கிடைத்தது. இந்திய நீதிமன்றங்கள் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி 'ப்ளெயின்டிஃப்' என்றே இன்றும் சொல்கின்றன.

மருத்துவமனையில் எளிய சொல்லின் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். புற்றுநோயாளிகளிடம் கெட்ட செய்தியைச் சொல்லும் முறையை வகுத்து 2000-இல் வெளியான 'ஸ்பைக்ஸ்' நெறிமுறை, 'மெட்டாஸ்டஸைஸ்ட்' என்பதற்குப் பதிலாக 'ஸ்ப்ரெட்' என்று சொல்லும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்துகிறது. 'பயாப்ஸி' என்பதற்குப் பதிலாகத் திசுவின் மாதிரி என்று சொல்லச் சொல்கிறது. அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அகராதி தேவைப்படும் சொல் பயன்படாது. மரணத்தை அறிவிக்கும்போதும் சுற்றிவளைக்காமல் 'டைட்' என்ற சொல்லையே பயன்படுத்தும்படி மருத்துவப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். 'பாஸ்ட் அவே' போன்ற மென்சொற்களை உறவினர் தவறாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது.

இனி பட்டியல் எங்கே சறுக்குகிறது என்பது. இந்தியர் எழுதும் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டப்படும் பிழைகளை எடுத்துக்கொள்வோம். 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்', 'எம்ஃபசைஸ் ஆன்', 'இன்வெஸ்டிகேட் இன்டு', 'எக்ஸ்ப்ளெய்ன் மீ'. இவை இலக்கணம் தெரியாததால் வரும் பிழைகள் என்று திட்டுகிற ஆசிரியர்கள் உண்டு. இவற்றின் பிறப்பைத் தேடிப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். 'டாக் அபவுட்' என்பதில் 'டாக்' போய் 'டிஸ்கஸ்' வந்தது, 'அபவுட்' இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. 'ஆஸ்க் ஃபார்', 'லே ஸ்ட்ரெஸ் ஆன்', 'லுக் இன்டு' எல்லாவற்றிலும் இதே கதை. 'டெல் மீ' சரி என்பதால் 'எக்ஸ்ப்ளெய்ன் மீ'யும் சரி என்று தோன்றுகிறது. 'டிஸ்கஷன் அபவுட்', 'ரிக்வெஸ்ட் ஃபார்' என்று பெயர்ச்சொல்லில் அந்தப் பிரிப்பொசிஷன் சரியாகவே வருவது குழப்பத்தை இன்னும் வளர்க்கிறது.

அதாவது, பட்டியல் வினைச்சொல்லைக் கொடுக்கிறது, வினை நடக்கும் வழியைக் கொடுப்பதில்லை. 'ஆஸ்க்' இருக்கும் இடத்தில் 'ரிக்வெஸ்ட்' வைத்தால் வாக்கியத்தின் மற்ற உறுப்புகளும் இடம் மாற வேண்டும். கேள்வி கேட்பதற்கு 'ஆஸ்க்' வரும், 'ரிக்வெஸ்ட்' வரவே வராது. ஒருவரை வரச் சொல்வதற்கு 'டெல் ஹிம் டு கம்' என்பது சரி. 'டெல்'லை விடக் கண்ணியமானது என்று 'இன்ஃபார்ம் ஹிம் டு கம்' எழுதினால் அது ஆங்கிலமாக நிற்காது, ஏனென்றால் 'இன்ஃபார்ம்' செய்தியைச் சொல்லும், கட்டளை இடாது.

'கெட்' என்பதற்கு எதிரே 'அப்டெய்ன்' என்று எழுதுவது பட்டியலின் மிகப் பெரிய தவறு என்றே சொல்லலாம். அனுமதியை, தகவலை, பட்டத்தை முயன்று பெறுவது 'அப்டெய்ன்'. அந்த முயற்சி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'கெட்' அப்படிப்பட்ட சொல் இல்லை. அதில் சளி பிடிக்கலாம், மழையில் நனையலாம், வீட்டுக்கு வந்து சேரலாம், நகைச்சுவை புரியலாம், கோபம் வரலாம். இவற்றில் எதற்கும் 'அப்டெய்ன்' பொருந்தாது. ஒரு சொல்லின் பத்துப் பயன்களில் ஒன்றுக்கு மட்டும் பொருந்துகிற மாற்றை முழு மாற்றாக அச்சிட்டுக் கொடுப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

சொற்கள் தனியே வாழ்வதில்லை, கூட்டாளிகளோடுதான் வாழ்கின்றன என்பதை மொழியியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். லண்டனில் ஜே. ஆர். ஃபர்த் அந்தக் கூட்டை ஆராயத் தூண்டினார். அவர் வழியில் வந்த ஹாலிடே 1966-இல் தேநீரை எடுத்துக்காட்டினார்: தேநீர் 'ஸ்ட்ராங்' ஆக இருக்கும், 'பவர்ஃபுல்' ஆக இருக்காது. கார் 'பவர்ஃபுல்' ஆக இருக்கும். அகராதியில் இரண்டும் வலிமைதான். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் கணினியில் கோடிக்கணக்கான சொற்களைத் திரட்டி ஆராய்ந்தபோது இன்னும் நுட்பமான ஒன்று தெரிந்தது. 'செட் இன்' என்பது தொடங்குதல்தான், ஆனால் அதற்கு எழுவாயாக வருபவை பெரும்பாலும் அழுகல், விரக்தி, நோய்த்தொற்று போன்ற வேண்டாதவை. 'காஸ்' என்ற வினையும் பெரும்பாலும் துன்பங்களையே விளைவிக்கிறது. இந்த நிறம் எந்த இரு பத்தித் தாளிலும் தெரியாது. தொடங்குவதற்கான சொற்களிலேயே பாருங்கள்: கூட்டம் 'கமென்ஸ்' ஆகலாம், சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு 'கமென்ஸ்மென்ட்' என்றே இந்தியச் சட்டங்களின் முதல் பிரிவு தலைப்பிடுகிறது. கார் எஞ்சினை மட்டும் எவரும் 'கமென்ஸ்' செய்வதில்லை.

ஐஇஎல்டிஎஸ் தேர்வின் மீதே பழி போடுவதும் நியாயமாகாது. எழுத்துத் தேர்வின் நான்கு அளவுகோல்களில் சொல்வளம் ஒன்று. ஏழாம் நிலைக்கு அது கேட்பது என்ன என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருக்கிறார்கள்: அவ்வளவாகப் புழங்காத சொற்களை நடையும் சொற்சேர்க்கையும் ஓரளவு அறிந்து பயன்படுத்த வேண்டும். பயிற்சித் தாள் இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. புழங்காத சொல் வேண்டும் என்பது பதிந்தது, அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பது விடுபட்டுப் போனது.

பெரிய சொல் பெரிய அறிவைக் காட்டும் என்ற எண்ணத்தைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் ஓப்பன்ஹைமர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டமேற்படிப்பு விண்ணப்பக் கட்டுரைகளில் இருந்த எளிய சொற்களை எடுத்துவிட்டு, கணினியின் இணைச்சொல் பட்டியலில் இருப்பதிலேயே நீளமான சொற்களை வைத்தார். மூலத்தையும் மாற்றிய வடிவத்தையும் வேறு வேறு வாசகர்களிடம் கொடுத்தார். சொற்கள் கடினமாகக் கடினமாக எழுதியவரின் அறிவை வாசகர்கள் குறைவாகவே மதிப்பிட்டார்கள். படிக்கத் தடுமாறுகிறவர் அந்தத் தடுமாற்றத்தை எழுதியவரின் கணக்கில் எழுதிவிடுகிறார் என்பது அவர் விளக்கம். ஆய்வின் தலைப்பைத் தேவையற்ற நீளச் சொற்களாலேயே அவர் அமைத்திருந்தார். அந்த ஆய்வுக்கு அதே ஆண்டில் இலக்கியத்துக்கான இக்நோபல் பரிசும் கிடைத்தது.

இதுவரை சொன்னவை நடைப் பிழைகள், பெரும்பாலும் சங்கடத்தோடு முடிபவை. உண்மையான ஆபத்து, பொருளே வேறான சொற்களை உடை வேறுபாடு என்று எண்ணி மாற்றும்போது வருகிறது. 'ஹார்ட் அட்டாக்' பேச்சுச் சொல், 'கார்டியாக் அரெஸ்ட்' அதன் கௌரவ வடிவம் என்று பலர் நம்புகிறார்கள். இதயத் தசைக்குப் போகும் ரத்தம் அடைபடுவது முதலாவது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார். இதயம் துடித்து ரத்தம் செலுத்துவதே சட்டென்று நின்றுபோவது இரண்டாவது. அவர் நினைவிழந்து விழுவார், அந்த நிமிடமே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். முதலாவது இரண்டாவதுக்குக் காரணமாகலாம், ஆனால் இரண்டும் ஒன்றாகாது. 'எஃபிகசி', 'எஃபெக்டிவ்னஸ்' இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும் சொற்கள்தாம். தடுப்பூசி பற்றி எழுதுகிறவருக்கு முதலாவது கட்டுப்படுத்தப்பட்ட சோதனையில் கிடைத்த பலன், இரண்டாவது ஊரில் மக்களுக்குப் போட்ட பிறகு கிடைத்த பலன். கோவிட் காலத்தில் இவை மாறி மாறி எழுதப்பட்டதால் எண்களைப் பற்றி வீண் வாதங்கள் எழுந்தன.

குற்றச் செய்தி எழுதுகிறவருக்கும் இது பொருந்தும். 'தெஃப்ட்', 'ராபரி', 'டகாய்ட்டி' மூன்றும் திருட்டின் ஏறுவரிசை அலங்காரங்கள் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் 303, 309, 310 என்று மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள். வன்முறையோ உடனடி மிரட்டலோ சேர்ந்தால் 'ராபரி', ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அதைச் செய்தால் 'டகாய்ட்டி'. நால்வர் செய்த வழிப்பறியை வேகத்துக்காக 'டகாய்ட்டி' என்று எழுதினால், செய்யாத குற்றத்தை ஒருவர் மேல் சுமத்தியதாகும்.

சொன்னார் என்று பொருள்படும் 'செட்' என்ற எளிய சொல்லுக்கு மாற்றுகளைக் குவித்துக் கொடுக்கும் பள்ளித் தாள்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். 'கிளெய்ம்ட்', 'அட்மிட்டட்', 'ரிவீல்ட்', 'பாயின்டட் அவுட்', 'அலெஜ்ட்' என்று நீளும் அந்த வரிசை. அமைச்சர் ஒருவர் சாலைக்கு நிதி ஒதுக்கியதாகச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். 'கிளெய்ம்ட்' என்று எழுதினால் நிருபர் அதை நம்பவில்லை. 'பாயின்டட் அவுட்' என்றால் அது உண்மை என்று நிருபரே சான்று சொல்கிறார். 'அட்மிட்டட்' என்றால் அமைச்சர் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். 'ரிவீல்ட்' என்றால் அதுவரை மறைத்து வைத்திருந்தார். நான்கும் நான்கு தீர்ப்புகள், எதையும் நிருபர் விசாரித்து எழுதவில்லை, சலிப்பைத் தவிர்க்க எழுதினார். 'செட்' மட்டுமே எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அதனால்தான் செய்தி நிறுவனங்களின் நடைக் கையேடுகள் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் குறை காண்பதில்லை. ஆய்வேட்டிலும் இதே கவனம் வேண்டும்: தரவு ஒன்றைச் 'சஜெஸ்ட்' செய்கிறதா, 'ப்ரூவ்' செய்கிறதா என்பது ஆய்வாளரின் நேர்மையைப் பற்றிய கேள்வி.

எளிய ஆங்கில இயக்கத்துக்கும் தன் பங்குக் குறைகள் உண்டு. அதன் தொடக்ககால முழக்கங்களில் ஒன்று, லத்தீன் சொல்லை விட்டுச் சாக்சன் சொல்லை, அதாவது மண்ணின் சொல்லை, எடு என்பது. ஃபவுலர் சகோதரர்கள் 1906-இல் வெளியிட்ட 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' இதை விதியாகவே வைத்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் லத்தீன், கிரேக்கச் சொற்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. சொல்லின் பிறப்பைப் பார்த்து எளிமையை அளக்க முடியாது. 'யூஸ்', 'வெரி', 'டேபிள்', 'பீப்பிள்', 'ப்ளீஸ்' எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை, குழந்தையும் சொல்லும் சொற்கள். 'ஃபோர்த்வித்', 'ஹியர்பை', 'தேர்ஆஃப்', 'பிக்வீத்' எல்லாம் மண்ணின் சொற்கள், பத்திர எழுத்தரைத் தவிர எவர் வாயிலும் வராதவை. எளிய ஆங்கிலத்தின் வெற்றி என்று மேலே சொன்ன 'கிளெய்மன்ட்' கூடப் பிரெஞ்சுச் சொல்தான். 19-ஆம் நூற்றாண்டில் டார்செட்டைச் சேர்ந்த கவிஞர் வில்லியம் பார்ன்ஸ் இந்தக் கொள்கையின் எல்லைக்கே போனார். தாவரவியலுக்கு 'வோர்ட்லோர்' என்று சொல் படைத்தார். 'பாட்டனி'யை விட அது மண்ணுக்கு நெருக்கம், மக்களுக்கு அன்னியம். எச்.டபிள்யூ. ஃபவுலர் 1926-இல் தம் பெரிய கையேட்டை வெளியிட்டபோது இந்தச் சாக்சன் பற்றைக் கைவிட்டு, பிறப்பைப் பார்த்துச் சொல்லைத் தேர்வது அறிவீனம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். இருபது ஆண்டில் தம் விதியைத் தாமே திருத்திக்கொண்ட அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இடத்துக்கு இடம் நடையே மாறுகிறது என்பதையும் இரு தரப்புப் பட்டியல்களும் கணக்கில் எடுப்பதில்லை. இந்திய அலுவலகக் கடிதத்தில் 'கைண்ட்லி' பணிவின் உச்சம். பிரிட்டனில் அதே சொல்லை ஏவலோடு சேர்த்தால் எழுதியவர் பொறுமை இழந்துவிட்டார் என்று படிப்பவருக்குத் தோன்றக்கூடும். 'ரிவர்ட்' இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் பதில் எழுதுவது, பிரிட்டனில் பழைய நிலைக்குத் திரும்புவது. 'தி அண்டர்சைன்ட் இஸ் டைரக்டட்' என்று தொடங்கும் மத்திய அரசின் அலுவலகக் குறிப்பாணை தில்லியில் இயல்பான ஆங்கிலம். யாருக்கு எழுதுகிறோம் என்று கேட்காமல் எந்தப் பக்கத்துச் சொல்லையும் எடுக்க முடியாது.

மென்மையான சொல் உண்மையை மறைத்த கதை ஒன்று தமிழ்நாட்டுக்கே சொந்தம். பெண்களைத் தெருவிலும் பேருந்திலும் துன்புறுத்துவதை இந்திய ஆங்கிலம் நெடுங்காலம் 'ஈவ் டீசிங்' என்றது. 'டீஸ்' என்பது சீண்டல், விளையாட்டு. 1998-இல் சென்னையில் அத்தகைய வன்முறையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு வந்த மாநிலச் சட்டமும் முதலில் அந்தப் பெயரையே தாங்கியிருந்தது. பிறகு அது பெண்களைத் துன்புறுத்துதல் தடைச் சட்டம் என்று பெயர் மாறி, 'ஹராஸ்மென்ட்' என்ற சொல் சட்டத்துக்குள் வந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பாலினக் கையேடும் 'ஈவ் டீசிங்' என்று எழுதாமல் தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்று எழுதும்படி நீதிபதிகளுக்குச் சொல்கிறது. அதுவும் இரண்டு பத்திப் பட்டியல்தான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் பொருள் சார்ந்த காரணம் இருக்கிறது, அந்தக் காரணங்களையும் கையேடு விளக்குகிறது. பட்டியல் என்ற வடிவம் நேர்மையாக வேலை செய்யவும் முடியும் என்பதற்கு இது சான்று.

காரணம் சொல்லும் இந்த மரபு ஆங்கிலத்தில் பழையது. அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனின் தோழியாக அறியப்பட்ட ஹெஸ்டர் பியோட்ஸி 1794-இல் 'பிரிட்டிஷ் சினானிமி' என்ற நூலை வெளியிட்டார். அவர் கணவர் இத்தாலிய இசைக்கலைஞர். ஆங்கிலம் பேசக் கற்கும் அயலாரையும் மனத்தில் வைத்து, நெருங்கிய சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டை உரையாடல் நடையில் அவர் விளக்கினார். 1816-இல் ஜார்ஜ் கிராப் அதை விரிவாகச் செய்தார். 1852-இல் மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே தம் 'தெசாரஸ்' நூலைக் கொண்டுவந்தபோது காட்சி மாறியது. எண்ணங்களின்படி சொற்களைக் குவித்துவைத்த அந்த நூல், வேறுபாட்டை விளக்கும் வேலையை வாசகரிடமே விட்டது. சொல் தெரிந்து மறந்தவருக்கு அது வரம். சொல்லையே அறியாதவருக்கு 'ஃபேமஸ்' பக்கத்தில் 'நொட்டோரியஸ்' கிடைத்தால், ஊருக்கு நல்லது செய்த பெரியவரைக் கெட்ட பெயர் எடுத்தவர் என்று எழுதிவிடுவார்.

தமிழ்நாட்டின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் கோடிட்ட சொல்லுக்கு இணைச்சொல்லைத் தேர்ந்தெடு என்ற ஒரு மதிப்பெண் கேள்வி நிலையான இடம் பிடித்திருக்கிறது. பாடத்தின் வாக்கியத்தோடு சேர்த்துக் கேட்கும்போது அதில் பயன் உண்டு. வகுப்பறையில் அது சொல்லுக்குச் சொல் என்ற மனப்பாடமாகச் சுருங்கும்போது, பயிற்சி நிலையத்தின் தாளுக்கு மாணவர் பள்ளியிலேயே தயாராகிவிடுகிறார். மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, அயல்மொழியினருக்கென்றே தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும், எதனோடு வராது என்பதை அது காட்டியது. ஆறாண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துக்கொண்டது. 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு 'அபவுட்' தேவையில்லை என்பது அப்படிப்பட்ட அகராதியைத் திறந்தவுடன் தெரியும். 1987-இல் சின்க்ளேர் குழுவின் 'கோபில்ட்' அகராதி சொல்லின் பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. இன்று கற்போருக்கான பெரிய அகராதிகள் பலவும் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. எது கடித நடை, எது பேச்சு நடை என்ற குறிப்பும் சொல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இரு பத்தித் தாளைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. நடையை அறிமுகம் செய்யும் முதல் வாரத்துக்கு அது போதும். பொருளின் சான்றாக அதை நம்பக் கூடாது. ஆசிரியர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு பக்கத்திலும் தனிச் சொல்லை எழுதாமல், அந்தச் சொல் உயிரோடு இருக்கும் முழு வாக்கியத்தை எழுதிக் கொடுங்கள். 'கெட்' என்பதற்கு எதிரே ஐந்து வாக்கியங்கள் வந்தால் வரட்டும், தாள் நான்கு பக்கம் ஆனால் ஆகட்டும். தேர்வுக்குத் தனியாகப் படிக்கிறவர்கள் வலப்பக்கச் சொல் ஒன்றை எடுக்கும் முன், கற்போர் அகராதியில் அதற்குக் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் வாக்கியம் அவற்றோடு ஒத்துப் போகவில்லை என்றால் தயங்காமல் இடப்பக்கச் சொல்லையே எழுதுங்கள்.